மதியக் கச்சேரிக்கு யார் போவது?

மார்கழியில் சென்னையில் ஒரு நாளைக் கச்சேரிகளுக்கென்றே ஒதுக்கி வைப்பவருக்கு விடியற்காலையிலிருந்தே வேலை இருக்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி சுற்றி வரும். எட்டு மணிக்கு மியூசிக் அகாடமியில் ‘லெக்-டெம்’, அதாவது பாடியும் வாசித்தும் காட்டுகிற விளக்க உரை. உச்சிவேளையில் இளம் கலைஞர்கள் மேடையேறுவார்கள், நாலு மணிக்கு அவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள். விளக்கு வைத்த பிறகுதான் பெரிய வித்வான்களின் முறை. இந்த வரிசையில் கடைசிக் கச்சேரிக்குத்தான் டிக்கெட் கவுன்ட்டரில் கூட்டம். கச்சேரிகளை நடத்தும் சபாக்களில் பெரும்பாலானவற்றில் மதியக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். அப்படி இருந்தும் பல நாட்களில் குருவும் பெற்றோரும் சில நண்பர்களும் வயதான ரசிகர்கள் கொஞ்சம் பேருமாகத்தான் அரங்கம் இருக்கும். இந்த மார்கழி இசை விழாவைப் பார்க்க ஒரே ஒரு நாள் வாய்க்கிறவர்கூட, மாலையை விட்டாலும் மதியத்தை விடக்கூடாது என்பது என் கருத்து. புதிதாகக் கேட்க வருபவருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இந்த விழாவின் தொடக்கத்திலேயே இளம் குரலுக்கு இடம் இருந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அகாடமியின் ஆண்டு விழா டிசம்பரில் நிலைத்துப்போக, மற்ற சபாக்களும் அந்த மாதத்தையே பிடித்துக்கொண்டன. கிறிஸ்துமஸுக்கு நீதிமன்றங்கள் மூடியிருக்கும், வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஓய்வு கிடைக்கும், மழையும் ஓய்ந்திருக்கும் என்பதெல்லாம் அதற்கு வசதியாக அமைந்தது. அந்த 1927 மாநாட்டில் பாடியவர்களில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். அவர் வாழ்க்கையில் திருப்பமாக அமைந்தது அந்தக் கச்சேரிதான். இருபது ஆண்டுகள் கழித்து, 1947இல், அவருக்கு அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பத்தொன்பது வயதில் அவர் பாடியதை உட்கார்ந்து கேட்க ஆட்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மதியக் கச்சேரியில் அப்படி என்ன கிடைக்கிறது? முதலில், அதன் அளவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாலைந்து மணி நேரம் நீண்ட கச்சேரிகள் சாதாரணம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளைக் கடந்து, ஒரு பெரிய ராகத்தை விரித்துப் பாடி, தனி ஆவர்த்தனத்துக்குப் பின் துக்கடாக்களில் முடிக்கும் இன்றைய பத்ததியை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். மாலைக் கச்சேரிக்கு அதை நிதானமாக நடத்த இரண்டரை மணி நேரம் இருக்கிறது. மதியத்தில் ஒரு பெண்ணோ பையனோ அதே பத்ததியை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கியாக வேண்டும். ஆலாபனைக்குப் பத்து நிமிடம் என்றால், அதற்குள் ராகத்தின் முகம் தெரிந்துவிட வேண்டும், வயலின்காரருக்கும் இடம் விட வேண்டும், நிரவலுக்கும் ஸ்வரத்துக்கும் நேரம் மிஞ்ச வேண்டும். எதை விடுவது என்று தீர்மானிக்கிற இந்த நெருக்கடியில் பாடுபவரின் பாடாந்தரமும் பக்குவமும் பளிச்சென்று தெரிந்துவிடும். கூட்டம் குறைவு என்பதால் மூன்றாவது வரிசையிலேயே இடம் கிடைக்கும். மிருதங்கக்காரர் இடந்தலையில் ரவை பிசைந்து அப்புவதும், கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதும், பாடகி ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டே போய் எடுப்பில் வந்து விழும்போது மிருதங்கக்காரர் தலை நிமிர்ந்து சிரிப்பதும் அங்கிருந்து துல்லியமாகத் தெரியும். பெரிய அரங்கின் பால்கனியில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி கொடுப்பதுதான் கச்சேரி.

தனி ஆவர்த்தனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை அரங்குகளில் தனி தொடங்கியதும் பாதி வரிசை எழுந்து வாசலை நோக்கிப் போவது இந்த மார்கழி சீசனின் பெரிய வருத்தம். பாடகர் தாளம் போட, தாள வித்வான்கள் தங்கள் கணக்கையும் கற்பனையையும் காட்டுகிற ஒரே இடம் அது. மதியத்தில் இருப்பவர்கள் முப்பது பேர்தான் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் கூடவே தாளம் போடுகிறவர்கள். புதிதாக வந்தவர் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்த்தே ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் பிடித்துவிடலாம்.

அடுத்தது, ஒரே நாளில் பல கச்சேரிகள் கேட்பதன் பலன். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஸ்வர அளவில் ஒரே ஒரு வித்தியாசம்: மத்திமம். ஒன்றில் சுத்த மத்திமம், மற்றதில் பிரதி மத்திமம். புத்தகத்தில் படித்தால் இது மனதில் ஒட்டாது. பகலில் ஒருவர் சங்கராபரணமும் சாயங்காலம் இன்னொருவர் கல்யாணியும் பாடக் கேட்டால் காது தானே பிரித்துக்கொள்ளும். காலை லெக்-டெம்மில் ஒரு ராகத்தின் பிரயோகங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, மதியம் ஓர் இளைஞர் அதே ராகத்தை எடுத்தால் ஆதாயம் இரட்டிப்பு. நட்சத்திரக் கச்சேரிகளை மட்டும் பொறுக்கிக் கேட்பவருக்கு, நன்றாக இருந்தது என்பதற்கு மேல் சொல்ல அளவுகோல் அமைவதில்லை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம், இளைஞர்களின் பாட்டு இன்னும் கனியவில்லை, அரைகுறையாகக் கேட்பதைவிட நல்லதாக ஒன்று கேட்டால் போதாதா என்பது. சிலரிடம் பக்குவம் போதாது என்பது உண்மைதான். ஆனால் மதியம் மேடையேறுகிற பலர் பத்துப் பன்னிரண்டு வருஷம் குருவிடம் உட்கார்ந்து கற்றவர்கள். அகாடமியில் ஜூனியர், சப்-சீனியர், சீனியர் என்று படிகள் இருக்கின்றன. ஜூனியர் கச்சேரிகளில் சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. இந்தப் படிகளில் ஏறுபவர் ஒவ்வொரு வருஷமும் எங்கே வளர்ந்திருக்கிறார் என்று பார்ப்பது ரசிகருக்குத் தனி இன்பம்.

வேலைக்குப் போகிறவர் பகல் பன்னிரண்டு மணிக்கு எப்படி வருவார் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமானது, இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் கிறிஸ்துமஸும் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையும் சீசனுக்குள்தான் வருகின்றன என்பது பாதிப் பதில். மறுபாதியைச் சபாக்கள்தான் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஏழு மணி மேடையை இருபத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுத்தால் என்ன?

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் கசப்பானது. சபாக்கள் அதிகம், கச்சேரிகளும் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, மதிய மேடை சில இடங்களில் திறமையைப் பார்த்துக் கொடுக்கப்படாமல் நன்கொடையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. பரதநாட்டியத்தில் நிலைமை இன்னும் கடினம். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், ஒப்பனை எல்லாவற்றுக்குமான செலவைப் பல இளம் நர்த்தகிகள் கையிலிருந்துதான் போடுகிறார்கள். இதைச் சொல்லி மதியத்தையே புறக்கணிப்பவர்கள் நோயைத்தான் வளர்க்கிறார்கள். அரங்கில் உறவினர்கள் மட்டும் இருந்தால் மேடையில் யார் ஏறினாலும் கைதட்டல் ஒன்றாகத்தான் இருக்கும். விஷயம் தெரிந்த ஐம்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டால் தகுதியில்லாதவரை மேடையேற்றச் சபாவுக்கே கூச்சம் வரும், தகுதியுள்ளவரின் பெயர் சாயங்காலத்துக்குள் நாலு பேர் வாயில் அடிபடும். பணம் கொடுத்து வாங்க முடியாதது அந்த வாய்ப்பேச்சு ஒன்றுதான்.

சீசன் ஒரு சில பேட்டைகளுக்கும் ஒரு சில குடும்பங்களுக்கும் உரியதாகிவிட்டது என்ற விமரிசனத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததும், ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையோரமாக ஒரு விழா நடந்ததும் இந்தக் குறைக்கான பதில்கள்தான். இவற்றோடு, டிக்கெட் இல்லாமல் எவரும் நுழையக்கூடிய மதிய அரங்கமும் ஒரு திறந்த கதவு. ஆனால் கதவு திறந்திருப்பது பேட்டைக்கு வெளியே தெரியவில்லை. செய்தித்தாள் விளம்பரத்தில் மாலைக் கலைஞரின் பெயர் படத்தோடு பெரிதாக இருக்கிறது, மதியத்தில் பாடுபவரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது, அவருக்கு வயலினும் மிருதங்கமும் வாசிப்பவர்கள் பல நேரம் அதிலும் இல்லை. மூவரின் பெயரையும் படிக்கும்படியான எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே ‘அனுமதி இலவசம், யாரும் வரலாம்’ என்று அச்சிட ஒரு சபாவுக்கு ஆகிற செலவு ஒரு நாள் காண்டீன் வரவில் ஒரு துளிகூட இருக்காது.