பின்வாசல் மனிதர்கள் – 7: கழுதை ஓட்டியவரின் கண்ணாடித் தட்டு

போன வாரம் லண்டனில் புத்தகம் பைண்டு செய்துகொண்டிருந்த ஃபாரடேயைப் பார்த்தோம். அவராவது பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தார். இந்த வாரத்து ஆள், 14 வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்.

மில்டன் ஹ்யூமாசன், 1891-ல் பிறந்தவர். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலைக்குக் கோடை முகாமுக்குப் போனார், மலை பிடித்துப்போனது. ஒரே ஒரு வருடம் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டு வாங்கினார். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. அப்போது மலையுச்சியில் வானாய்வகம் எழும்பிக்கொண்டிருந்தது. சாமான்களெல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் மேலே போயின. அவற்றை ஓட்டும் வேலையில் சேர்ந்தார்.

1911-ல் ஆய்வகப் பொறியாளரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். 1917-ல் அதே ஆய்வகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். மாமனார் இருந்த இடமாயிற்றே என்று கேட்டால், கேட்பது நியாயம்தான். ஆனால், மாமனார் தயவில் துடைப்பம் கிடைக்கலாம், தொலைநோக்கி கிடைக்காது. இரவு உதவியாளராகி, வானியலாளர்களுக்குக் கூடமாட உதவிக்கொண்டே படமெடுக்கப் பழகினார். கை சுத்தம். அதைக் கவனித்த இயக்குநர் ஜார்ஜ் எல்லரி ஹேல், பட்டமில்லாத அவரை ஆய்வாளர்களில் ஒருவராக்கினார்.

அந்தக் கைவேலை என்னவென்று சொல்ல வேண்டும். மங்கலான ஓர் அண்டத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் பதிக்க ஓர் இரவு போதாது. விடிந்ததும் தட்டை ஒளிபடாமல் மூடிவைத்து, மறுநாள் இரவு விட்ட இடத்தில் தொடர வேண்டும். தொலைநோக்கி தானாகவே வானத்தோடு திரும்பும்தான். ஆனாலும் இம்மி பிசகும். கண்ணை எடுக்காமல் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குளிருக்குக் கணப்பு மூட்டவும் வழியில்லை; சூடான காற்று எழுந்தால் பிம்பம் நடுங்கும். விரல் விறைக்க விறைக்க உட்கார வேண்டியதுதான். முரண்டு பிடிக்கும் கழுதையோடு மலையேறிப் பழகியவருக்கு இது பெரிதாகத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம்.

என்ஜிசி 7619 என்ற அண்டத்துக்கு அவர் எடுத்தவை இரண்டு தட்டுகள். ஒன்றுக்கு 33 மணி நேரம், இன்னொன்றுக்கு 45. அவற்றில் கால்சியத்தின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அதாவது, அண்டம் விலகி ஓடுகிறது. வேகம் நொடிக்கு 3,779 கிலோமீட்டர். 1929-ல் வானியலாளர் ஹப்பிளின் புகழ்பெற்ற கட்டுரை வந்த அதே இதழில், அதற்கு முன்பக்கத்தில் இருப்பது ஹ்யூமாசனின் சின்னக் கட்டுரை. பாடப்புத்தகங்கள் ஹப்பிளின் கட்டுரையை மட்டும்தான் சொல்கின்றன. 1950-ல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

கைநழுவிய ஒன்றும் உண்டு. நெப்டியூனுக்கு அப்பால் ஒரு கோளைத் தேடி 1919-ல் படங்கள் எடுத்தார், எதுவும் அகப்படவில்லை. புளூட்டோ கிடைத்த பிறகு அந்தப் பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் புளூட்டோ இருந்தது! அதை 1930-ல் கண்டுபிடித்தவரோ அதுவரை கல்லூரி வாசலையே மிதிக்காத கன்சாஸ் விவசாயி மகன். அவர் அடுத்த வாரம்.

(தொடரும்)