அப்பாவோட பென்ஷன் நின்னு போச்சா? கைரேகை விழலைன்னா முகம் போதும்!

சில மாசம் முன்னாடி ஒரு கிளையன்ட் போன் பண்ணார். "சார், அப்பாவுக்கு ரெண்டு மாசமா பிஎஃப் பென்ஷன் வரல. லைஃப் சர்டிஃபிகேட் பதிவாகலையாம். அவரும் ரெண்டு தடவை போய் விரல் வெச்சுப் பார்த்துட்டார், மெஷின் எடுக்கவே இல்ல."

அப்பா முப்பது வருஷம் மில்லில் வேலை பார்த்தவர். ரேகை தேய்ந்துபோயிருந்தது.

எதுக்கு இந்தச் சான்று?

பென்ஷன் வாங்குபவர் இறந்ததை யாரும் சொல்லாவிட்டால் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஏடிஎம் கார்டு கையில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இதைத் தடுக்கத்தான் வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்த பிறகு, கைரேகை அல்லது கருவிழியை ஆதாரோடு ஒப்பிட்டு இதை டிஜிட்டலாகவே தரலாம்.

நோக்கம் சரிதான். ஆனா இறந்தவர் வரமாட்டார். ரேகை தேய்ந்தவர் வந்தும் பதிவாகாது. சிஸ்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்: சான்று வரலை, பென்ஷனை நிறுத்து!

வழி உங்க போன்லயே இருக்கு

2021 நவம்பரிலிருந்து முகத்தை வைத்தும் சான்று தரலாம்.

1. ஆதார் எண், பிபிஓ எண், பேங்க் கணக்கு எண், ஓடிபி வரும் மொபைல் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும்.
2. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ஆப் இரண்டையும் ஆண்ட்ராய்டு போனில் போடுங்க.
3. முதலில் போனை இயக்கும் உங்க முகம், அப்புறம் அப்பா முகம். வெளிச்சம் நல்லா இருக்கணும்.
4. ஆதாரில் பயோமெட்ரிக் லாக் போட்டிருந்தா முன்னாடியே திறந்துடுங்க.

பிரமாண் ஐடி வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பிபிஓ எண் தப்பா இருந்தா சான்று நிராகரிக்கப்படலாம். ஜீவன் பிரமாண் தளத்தில் ஸ்டேட்டஸ் பாருங்க. இபிஎஸ்-95 பென்ஷனுக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். எந்த மாசம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ஊருக்குப் போக முடியலையா? போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலமா தபால்காரரே வீட்டுக்கு வருவார்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமா இருந்தாலும் சொல்றேன். அப்பா இறந்துட்டா உடனே தெரிவிச்சுடுங்க. அவர் பென்ஷனை எடுத்தா திருப்பிக் கட்டணும். இபிஎஸ்ஸில் அம்மாவுக்கு அதில் பாதி குடும்ப பென்ஷனா வரும், அதுக்கு விண்ணப்பிங்க.

அந்த மில் அப்பாவுக்கு நிலுவையும் சேர்ந்து வந்துடுச்சு. மகன் செலவழிச்சது பத்தே நிமிஷம். இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது கேளுங்க: "அப்பா, லைஃப் சர்டிஃபிகேட் எப்போ கொடுத்தீங்க?"