தூக்க மறுக்கும் டிராக்டர்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் இம்மலையில் மரவள்ளி, மிளகு, காப்பி, பலா, அன்னாசி, சாமை முதலியன விளைகின்றன. இத்தகைய மேட்டு நிலத்தில் எருவும் மண்ணும் அள்ளிப் போட, முன்புறம் லோடர் பூட்டிய டிராக்டர் ஒன்று இருந்தால் பல ஆள் வேலையை அது ஒன்றே பார்த்துவிடும். ஆனால் பல்லாண்டுகள் உழைத்த வண்டி ஒருநாள் பக்கெட்டைத் தூக்க மறுக்கிறது. "பம்பு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதே பெரும்பாலும் முதல் தீர்ப்பு. பம்போ விலை மிகுந்த பொருள். மாற்றிய பின்னும் குறை தீராவிட்டால் செலவழித்த பணம் வீண்தானே! குறை எங்கே என்பதை வண்டியே சொல்லும். அதைக் கேட்டறியப் பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

பாஸ்கல் விதியும் பக்கெட்டும்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது பாஸ்கல் விதி. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட இவ்வுண்மையைக் கொண்டு, 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்பும் இதே குடும்பம்தான். இன்ஜின் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. கட்டுப்பாட்டு வால்வு வழியே எண்ணெய் சிலிண்டருக்குள் நுழைந்து பிஸ்டனை நகர்த்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டரின் உள்விட்டம் 6.3 செ.மீ. என்க. அதன் பரப்பு ஏறத்தாழ 31 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ எனில், பிஸ்டனைத் தள்ளும் விசை 4650 கிலோ எடைக்குச் சமம். இரு சிலிண்டர்களுக்கும் சேர்த்து 9300 கிலோ! அப்படியானால் லோடர் ஏன் அதில் சிறு பகுதியை மட்டுமே தூக்குகிறது? சிலிண்டர், லோடர் கையின் கீலுக்கு அருகில் பொருத்தப்பட்டிருக்கிறது. பாரமோ கையின் நுனியில் தொங்குகிறது. நம் முழங்கையைப் போன்ற நெம்புகோல் இது. விசையை இழந்து உயரத்தைப் பெறுகிறோம்.

இனி வேகம். பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் தருமானால் வினாடிக்கு 333 கன செ.மீ. இரு சிலிண்டர்களின் பரப்பு 62 சதுர செ.மீ. எனவே பிஸ்டன் வினாடிக்கு 5.4 செ.மீ. நகரும். 60 செ.மீ. நீட்ட ஏறத்தாழ 11 வினாடி ஆகும்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பம்பு தருவது எண்ணெயின் ஓட்டம். அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஓட்டத்துக்குப் பாரம் காட்டும் எதிர்ப்பு. வெற்றுப் பக்கெட்டைத் தூக்கும்போது அழுத்தம் சிறிது. மண் நிறைந்த பக்கெட்டுக்கு மிகுதி. அழுத்தம் அளவுகடந்து ஏறினால், விடுவிப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: பாரம் இல்லாதபோதும் பக்கெட் மெதுவாக எழுகிறதா? அப்படியானால் ஓட்டம் குறைவு. எண்ணெய் போதவில்லை, வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது பம்பு மிகவும் தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது: வெற்றுப் பக்கெட் விரைவாக எழுந்து, பாரம் ஏற்றியதும் நின்றுவிடுகிறதா? இன்ஜின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் தூக்கினால், எங்கோ உட்கசிவு இருக்கிறது. கசிவதைவிட மிகுதியாகப் பம்பு தள்ளுவதால் பாரம் எழுகிறது. எவ்வளவு கூட்டியும் எழாவிட்டால் விடுவிப்பு வால்வைச் சந்தேகிக்கலாம். அதன் சுருள்வில் தளர்ந்திருக்கலாம்; இருக்கையில் துகள் சிக்கியிருக்கலாம்.

மூன்றாவது: தூக்கிய பக்கெட், கைப்பிடியை நடுநிலையில் விட்டபின் தானே இறங்குகிறதா? அப்போது பாரத்தைத் தாங்குவது பம்பு அன்று. கட்டுப்பாட்டு வால்வோ, சிலிண்டரின் சீலோ, குழாய் இணைப்போ கசிகிறது. இக்குறைக்குப் பம்பை மாற்றுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது போன்றது.

காலையா, நண்பகலா?

இவற்றைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு: வண்டி எப்போது சோர்கிறது?

எண்ணெயின் பாகுநிலை வெப்பத்தால் வெகுவாகக் குறையும். 20 டிகிரி செல்சியசில் உள்ள எண்ணெய் 50 டிகிரியை எட்டும்போது அதன் பாகுநிலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். குறுகிய இடுக்கின் வழியே கசியும் எண்ணெயின் அளவு பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும், இடுக்கின் அகலத்தின் முப்படிக்கு நேர்விகிதத்திலும் அமையும். புதிய பம்பில் நிமிடத்துக்கு 1 லிட்டர் கசிவதாகக் கொள்வோம். தேய்மானத்தால் இடுக்கு இரு மடங்கானால் கசிவு 8 லிட்டர். 20 லிட்டரில் 12 லிட்டர் எஞ்சுகிறது. மெதுவாக என்றாலும் வேலை நடக்கும். எண்ணெய் சூடேறிப் பாகுநிலை கால் பங்கானதும் கசிவு 32 லிட்டராக வேண்டும். பம்பு தருவதோ 20 லிட்டர்தான். பாரம் அசையாது! காலையில் நன்றாக உழைத்து நண்பகலில் சோர்கின்ற வண்டியில் தேய்மானம் இருக்கிறது என்பதன் காரணம் இதுவே.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. குளிர்ந்த காலையில் பம்பு கிறீச்சிட்டு அலறும், சூடேறியபின் சரியாகும். இது உறிஞ்சும் பக்கத்துக் குறை. உண்மையில் பம்பு எண்ணெயை இழுப்பதில்லை. அது வெற்றிடம் உண்டாக்க, வளிமண்டலம் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் வளியழுத்தம் சதுர செ.மீ.க்கு 1.03 கிலோ, 1200 மீட்டர் உயரத்தில் 0.89 கிலோ மட்டுமே. நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு இக்குறைவு பொருட்டன்று. ஆனால் வடிகட்டி அடைத்து, எண்ணெயும் குளிரில் தடித்திருந்தால், சமவெளியில் சமாளித்த வண்டி மலையில் திணறும். எண்ணெய் வராத இடத்தில் குமிழிகள் தோன்றி, அழுத்தம் ஏறியதும் வெடித்தொடுங்கி, பம்பின் உலோகத்தையே அரித்துவிடும்.

சரிவும் ஒரு காரணம். பல பழைய டிராக்டர்களில் கியர்ப் பெட்டியின் எண்ணெயே ஹைட்ராலிக் எண்ணெயும் ஆகும். எண்ணெய் மட்டம் தாழ்ந்திருந்தால், வண்டி சாயும்போது உறிஞ்சு வாய் காற்றில் நிற்கக்கூடும். சமதளத்தில் தூக்கிய வண்டி சரிவில் மறுத்தால் முதலில் அளவுகோலை உருவிப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது?

செலவில்லாததிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, எண்ணெயின் மட்டத்தைக் காணுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் காற்று புகுகிறது. தயாரிப்பாளர் கூறிய வகை எண்ணெய்தானா என்று பாருங்கள். வடிகட்டியைத் தூய்மை செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். உறிஞ்சு குழாயின் இணைப்புகளை இறுக்குங்கள்.

இதன் பிறகே அழுத்தமானி. பழகிய மெக்கானிக் அதைப் பம்பின் வெளிவாயில் பொருத்திப் பார்ப்பார். அழுத்தம் குறைவாக இருந்தால், பக்கெட் தரையில் இருக்கையில், சிலிண்டர்களுக்குச் செல்லும் வழியை அடைத்து மீண்டும் பார்ப்பார். இப்போது அழுத்தம் ஏறினால் குறை சிலிண்டரில். ஏறாவிட்டால் பம்பில் அல்லது வால்வுகளில். வழியை இரண்டாக வெட்டிக் குறையைத் தேடும் இம்முறையை மின்சுற்று ஆய்வு செய்யும் மாணவர் நன்கறிவர்.

சில எச்சரிக்கைகள். விடுவிப்பு வால்வின் திருகை மனம்போல் இறுக்காதீர்கள். குழாய் வெடிக்கலாம், பம்பு உடையலாம். தூக்கி நிற்கும் பக்கெட்டின்கீழ் ஒருபோதும் நிற்காதீர்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. உயரழுத்த எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும்.

மெதுவா, வலுவின்மையா, இறக்கமா, காலையா, நண்பகலா, சமதளமா, சரிவா? இவற்றுக்கு விடை குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லும் உழவர், நல்ல மெக்கானிக்கின் வேலையில் பாதியை முடித்துவிட்டவர் ஆவார்.