சிரித்த சிறுமியும் சிரிக்காத அண்ணனும்



கதைகளில் வரும் சிறுவர்களை ‘கள்ளங்கபடமற்றவர்கள்’, ‘ஆபத்து அறியாதவர்கள்’ என்று சொல்லி எளிதில் கடந்துவிடுகிறோம். சாதியைப் பேசும் எழுத்தில் அந்த அறியாமைக்கு வேறு பொருள் உண்டு. மூன்று பிரதிகளைக் கொண்டு அதை விளக்க முயல்கிறோம்.

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ தன்வரலாற்றுப் புனைவு. பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்பும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துக் கொண்டுபோய் நிலக்காரரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்று அவர்கள் நினைப்பதை எடுத்துச் சொல்கிறான். சிரிப்பு நின்று கோபம் வருகிறது.

இதை ‘அறியாமை கலைந்த தருணம்’ என்றுதான் பலரும் படிக்கிறோம். ஆனால் அவள் சிரித்தது தவறா? வயதில் மூத்த மனிதர் ஒருவர் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டு நடப்பது அபத்தம்தானே? ஊருக்குப் பழகிப்போனதை அவள் சரியாகப் பார்த்தாள். அந்த அபத்தத்துக்குக் காவலாக அதிகாரம் நிற்கிறது என்பது மட்டுமே அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீரின் ஆழமும் தீயின் சூடும் இயற்கையானவை. அவற்றைக் கற்கும் குழந்தை விவரம் பெறுகிறது. சாதியின் ஆபத்தோ மனிதர் செய்து வைத்தது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலில் இரண்டும் ஒரே நிலத்தில் இருக்கின்றன. பண்ணையத்துக்கு ஆடு மேய்க்கும் கூளையனுக்குக் காடும் கிணறும் பழகிய இடங்கள். ஆனால் தேங்காய் திருடியதற்காக அவனைக் கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். அவனோடு விளையாடுகிற பண்ணையார் மகனுக்கு அந்தத் தண்டனை ஒருநாளும் வராது. கிணறு ஒன்றுதான்; ஆபத்து ஒன்றல்ல.

அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நினைவுக் குறிப்பில் 1901இல் நடந்ததைச் சொல்கிறார். தந்தையைப் பார்க்கப் புத்தாடை உடுத்தி ரயிலேறிய சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். யார் நீங்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்க, யோசிக்காமல் ‘மஹர்’ என்று பதில் சொல்கிறார் ஒன்பது வயது பீமராவ். கேட்டவரின் முகம் மாறுகிறது. பிறகு மாட்டு வண்டி கிடைப்பது பெரும்பாடு. கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் செய்த ‘குற்றம்’ உண்மை சொன்னதுதான்.

அந்த ரயில் நிலையம் நமக்குத் தொலைவில் இல்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வளர்கிறார்கள். அங்கிருந்து தாம்பரத்துக்கோ சோழிங்கநல்லூருக்கோ படிக்கவும் வேலை கேட்கவும் போகிற பிள்ளையிடம் “எந்த ஏரியா?” என்று கேட்கிறார்கள். அது வெறும் முகவரி கேட்கும் கேள்வி என்று நினைத்து அந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்கிறது. அடுத்த நொடியில் ஒரு முகம் மாறுகிறது.

இந்தக் குடியிருப்புகளில் மாலை வகுப்பு எடுக்கும் மாணவர்கள், இதைப் பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். மறைத்தால் அந்நியரின் முகம் பார்த்து அவர்களாகக் கற்றுக்கொள்வார்கள். அப்போது குறை தம்மிடம்தான் என்று நினைக்கக்கூடும். பயத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால், கேட்டவரின் வேலையை நாமே செய்து முடித்தவர்களாவோம்.

‘கருக்கு’ அண்ணனிடம் ஒரு வழி இருக்கிறது. அவன் உண்மையை மறைக்கவில்லை. படித்து முன்னேறினால் இந்த இழிவை உதறலாம் என்றும் தங்கையிடம் சொல்கிறான். அதற்கு முன்பாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம்: “நீ சிரித்தது சரி. வெட்கப்பட வேண்டியவர் நீயல்ல.” இதைக் கேட்ட பிள்ளை ஆபத்தை அறிந்துகொள்ளும், ஆனால் தன்னையே ஆபத்தாக நினைக்காது.