தானாகப் போனால் குணமாகிவிட்டதா?

தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு முதல் சில வாரங்கள் சிறுநீர் தானாகப் பிரியாது. டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஒருநாள் படுக்கை நனைந்திருக்கும். “தானாப் போகுது, நரம்புக்கு உயிர் வந்துடுச்சு” என்று வீடே மகிழும். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் சிறுநீரகத்துக்கான ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

நலமாக இருப்பவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். பை நிரம்பும் சேதி தண்டுவடத்தின் அடிப்பகுதி வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து வரும் உத்தரவில் பை சுருங்கும், அதே நொடியில் பையின் வாயை மூடியிருக்கும் தசை தளரும். தண்டுவடம் அறுபட்டால் இந்த ஒத்திசைவு போய்விடுகிறது. பை சுருங்கும்போதே வாய்த்தசையும் இறுகுகிறது. மூடிய வாயை எதிர்த்து முட்டி முட்டியே பைச்சுவர் தடிக்கிறது.

செல்களின் கதை இங்குதான் தொடங்குகிறது. தடித்த தசை, ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ எனும் புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அதை உறிஞ்சும் ‘சி’ வகை நரம்பிழைகள், வழக்கமாகப் பை நிரம்புவதைக் கண்டுகொள்ளாதவை. அவற்றின் அயனி வாயில்கள் இப்போது மாறிப்போகின்றன. சிறு தூண்டலுக்கே துடிக்கின்றன. விரியும் பையின் உட்சுவர் கசியவிடும் ஏடிபி மூலக்கூறும் அவற்றைக் கிளறுகிறது. மூளையைக் கேட்காமலேயே தண்டுவடத்துக்குள் ஒரு குறுக்குவழி உருவாகிவிடுகிறது. படுக்கை நனைவது அதனால்தான்.

இதை வெளிக்கொண்டுவந்ததில் மிளகாய்க்குப் பங்குண்டு. அதன் காரப்பொருளான கேப்சைசின், ‘சி’ இழைகளை முதலில் எரியவைத்துப் பிறகு மரத்துப்போகச் செய்யும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வில்லியம் டி குரோட் குழுவினர், தண்டுவடம் அறுபட்ட பூனைகளுக்கு அதைச் செலுத்தியபோது இந்தப் புதிய அனிச்சைச் சுருக்கம் நின்றுபோனது. காயமில்லாத பூனைகளில் எந்த மாற்றமும் இல்லை.

ஈரத்தைவிட அழுத்தம்தான் பெரிய அபாயம். பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டியே இருந்தால், சிறுநீரகம் வலியில்லாமல் பழுதாகும். ஆகவே அடிவயிற்றைத் தட்டியோ அமுக்கியோ ‘போகவைப்பது’ தவறு. மூடிய வாய்க்கு எதிராக அது அழுத்தத்தைத்தான் ஏற்றும். முதல் உலகப் போர்க்காலத்தில் தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் இறந்தார்கள்.

1972-ல் மிச்சிகனின் ஜாக் லாபிடெஸ் சொன்ன வழி, கேட்கச் சாதாரணமானது: கையைச் சுத்தமாகக் கழுவி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் விட்டுப் பையைக் காலிசெய்வது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது இன்றைய வழக்கம். சுருக்கத்தைத் தணிக்க ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் உண்டு. போதாதபோது பைச்சுவரில் போடாக்ஸ் ஊசி. தசையைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின், நரம்பு முனையிலிருந்து வெளிவருவதையே அது தடுக்கும். பல மாதங்கள் பலன் தரும். பிறகு திரும்பப் போட வேண்டும்.

வீடு திரும்புமுன் யூரோடைனமிக் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்; பைக்குள் உள்ள அழுத்தம் அதில்தான் தெரியும். நடுமார்புக்கு மேலே காயம்பட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், இரத்த அழுத்தம் ஆபத்தாக எகிறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, டியூப் அடைத்திருக்கிறதா என்று பார்த்துப் பையைக் காலிசெய்யுங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.