'சி.டி., போச்சு' என்று தூக்கிப் போடாதீர்கள்!

சமையல், கோலம், கைவைத்தியம் என்று இந்தப் பகுதியில் எத்தனையோ பயனுள்ள விஷயங்களை எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது, நம்மில் பலர் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கிக் கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுத்தாரே, அந்த சி.டி.,க்கள் தான்!

2000க்குப் பிறகு, நம் பக்கத்து விசேஷங்களில் வீடியோ கேசட் போய் வி.சி.டி., வந்தது, அடுத்து டி.வி.டி., 2006ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி., கொடுக்க ஆரம்பித்த பிறகு, பிளேயர் வாங்கி வைத்த வீடுகள் ஏராளம். இப்போது, அந்த பிளேயர் பரணில் கிடக்கிறது. என்றைக்காவது ஆசையாக எடுத்துப் போட்டால், 'நோ டிஸ்க்' என்று கையை விரிக்கிறது. உடனே, 'போச்சு' என்று குப்பையில் போட்டு விடுகிறோம். அப்படிப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் நாத்தனார் கல்யாணம் 2005ல் நடந்தது. மூன்று வி.சி.டி., கொடுத்தார்கள். என் மாமியார், 2011ல் காலமாகி விட்டார். போட்டோவில் முகம் இருக்கிறது. குரல், அந்த மூன்று தட்டில் மட்டும் தான். அவர் இறந்தபோது என் மகள் கைக்குழந்தை. 'அப்பத்தா எப்படிம்மா பேசும்?' என்று அவள் கேட்டபோது, சி.டி.,யை எடுத்தோம். முதல் தட்டு ஓடவே இல்லை. இரண்டாவது, பாதியில் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது.

'இருபது வருசமாச்சு மதினி... இனி எங்க ஓடப் போகுது? தூக்கிப் போடுங்க...' என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் அண்ணன் மகன் மட்டும், 'பொறுங்கத்தை... கெட்டது தட்டா, பிளேயரான்னு மொதல்ல பாப்போம்...' என்றான். அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கடையில் வாங்கிய ஒரிஜினல் சினிமா சி.டி., ஒன்றைப் போட்டான். அதுவும் திக்கித் திக்கி ஓடியது. அப்படியானால், கோளாறு பிளேயரில்! உள்ளே இருக்கும் லென்சில் தூசி. அதைத் துடைத்ததும், எங்கள் முதல் தட்டு ஓட ஆரம்பித்து விட்டது. அதைத்தான் தூக்கிப் போடச் சொன்னார்கள்!

சில வீடுகளில் சினிமா சி.டி., நன்றாக ஓடும்; ஸ்டுடியோ கொடுத்தது மட்டும் ஓடாது. அதற்கும் காரணம் உண்டு. சினிமா சி.டி.,யை, அச்சில் அழுத்திப் பள்ளம் பள்ளமாகச் செய்கின்றனர். நம் வீட்டு விசேஷத்தைப் பதியும் தட்டில் இருப்பதோ ஒரு மெல்லிய சாயப் பூச்சு. அதை லேசர் சுட்டுத்தான் படம் பதிகிறது. வெயிலிலும், சூட்டிலும் புடவைச் சாயம் வெளுக்கிற மாதிரி, அந்தச் சாயமும் கெடும். வயதான பிளேயருக்கு அதைப் படிக்க, கண் தெரியாது. எனவே, வேறு பிளேயரிலும் போட்டுப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது, துடைக்கும் முறை. நம் கை சும்மா இருக்குமா... தட்டு கழுவுகிற மாதிரி வட்டமாகத் தேய்ப்போம். அது தான் தப்பு! படம், நடு ஓட்டையிலிருந்து வெளி ஓரம் வரை சுருள் சுருளாகப் பதிந்திருக்கும். வட்டமாகக் கீறல் விழுந்தால், ஒரே இடம் நீளத்துக்குப் பாழாகும். மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். ஓரத்தில் எண்ணெய்க் கை பட்டிருந்தால், படம் கடைசிப் பகுதியில் தான் நிற்கும்.

எங்கள் இரண்டாவது தட்டு, துடைத்த பிறகும் நாலைந்து இடத்தில் நின்றது. அதை, கம்ப்யூட்டரில் போட்டான். பிளேயர் படிக்க முடியாத இடத்தைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப முயன்று படிக்குமாம். வி.சி.டி.,யாக இருந்தால், 'எம்பெக் ஏ.வி.' என்ற பெட்டிக்குள் 'டாட்' என்று முடியும் கோப்புகள் இருக்கும், டி.வி.டி.,யில், 'வீடியோ டி.எஸ்.' பெட்டி முழுவதையும் எடுக்க வேண்டும். 'வி.எல்.சி.' என்ற இலவச மென்பொருளில் இரண்டுமே ஓடும்.

பொறுமையாக நகல் எடுத்துப் போட்டால்... பந்தியில் நின்றபடி என் மாமியார், 'ஏண்டி... மாப்ள வீட்டு ஆளுகளுக்கு மொதல்ல எலையப் போடுங்கடி...' என்று அதட்டுகிறார்! என் மகள், அந்த ஒரு நிமிடத்தை எட்டு தரம் போட்டுப் பார்த்தாள். என் கணவர், எழுந்து வாசலுக்குப் போய் விட்டார்.

மூன்றாவது தட்டு மட்டும் பிழைக்கவில்லை. அதன் மேல் பக்கத்தில், மணமக்கள் போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தனர். பசை காய்ந்து தூக்கியதில், வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்திருந்தது. சி.டி.,யில் படம் இருப்பது அந்த மேல் பக்கத்தில் தானாம். அதன் மேல் வார்னிஷ் மாதிரி மெல்லிய பூச்சு மட்டுமே காவல். கீழே விழுந்த லேசான கீறலைச் சமாளிக்கலாம். மேலே உரிந்தால், உரிந்தது தான். டி.வி.டி.,யில் படம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால், அவ்வளவு பயமில்லை. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள்.

தட்டு நன்றாக இருந்தும் ஓடாத சங்கதிகளும் உண்டு...

* வி.சி.டி., பிளேயரில் டி.வி.டி., ஓடாது, இரண்டுக்கும் லேசரே வேறு. டி.வி.டி., பிளேயரில் வி.சி.டி., ஓடும்.

* கம்ப்யூட்டர் கோப்பாக அப்படியே போட்டுக் கொடுத்த தட்டை, பழைய பிளேயருக்கு அடையாளம் தெரியாது. கம்ப்யூட்டரில் தான் பார்க்க வேண்டும்.

* கேமராவிலேயே பதிந்த சின்ன டி.வி.டி.,யை, 'பைனலைஸ்' செய்து முடிக்காமல் விட்டிருந்தால், வேறு எதிலும் ஓடாது. அந்தக் கேமரா வேலை செய்தால், அதிலேயே இப்போதும் முடித்துக் கொள்ளலாம்.

* அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய தட்டில் படம் உருண்டாலோ, கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ பயப்படாதீர்கள். நம் டி.வி., 'பால்' முறை, அங்கே, 'என்.டி.எஸ்.சி.' முறை. கம்ப்யூட்டரில் இரண்டும் தெரியும்.

இதையெல்லாம் இப்போதே சொல்லக் காரணம் உண்டு. உலகில் கடைசியாக வி.சி.ஆர்., தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனம், 2016ல் அதை நிறுத்தி விட்டது. வெற்று புளூ-ரே தட்டு தயாரிப்பை சோனி, 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. இன்று விற்கும் பெரும்பாலான லேப்டாப்களில் சி.டி., போடும் இடமே கிடையாது. தனியாக வயரில் மாட்டும் டி.வி.டி., டிரைவ் கிடைக்கிறது; தெருவுக்கு ஒருவர் வாங்கி, மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

நகல் எடுத்ததும், பென்டிரைவில் மட்டும் வைத்து நிம்மதியாக இருந்து விடாதீர்கள். அதுவும் ஒருநாள் கெடும். இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று, வெளியூரில் இருக்கும் மகளிடமோ, தங்கையிடமோ. தட்டுகளை டப்பாவில் நிற்க வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரண் வேண்டவே வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பீரோவைத் திறந்து எத்தனை தட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். வீட்டுப் பெரியவர்கள் யார் குரல் எதில் இருக்கிறது என்று உறையில் எழுதி, அதை முதலில் நகல் எடுங்கள். சினிமா எங்கேயும் கிடைக்கும் சகோதரிகளே, இது கிடைக்காது!

- ஒரு வாசகி, எரியோடு.