வாவலும் வாவலும் உறவில்லை!

மும்பை, ஜூலை:

தாராவி, செம்பூர் மார்க்கெட்டுகளில் மீன் வாங்கும் நம்மவர்கள் கறுப்பு வாவலையும் வெள்ளை வாவலையும் ஒரே குடும்பம் என்று எண்ணுகிறார்கள். நிறமும் விலையும்தான் வேறு என்பது அவர்கள் நினைப்பு.

கோலி மீனவப் பெண்கள் அப்படிச் சொல்வதில்லை. வெள்ளைக்கு "பாப்லேட்" என்றும் கறுப்புக்கு "ஹல்வா" என்றும் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானிகளின் முடிவும் அவர்கள் பக்கமே!

பெர்லின் டாக்டர்

18-ம் நூற்றாண்டில் பெர்லின் நகரில் ப்ளோக் என்ற டாக்டர் மீன்களை ஆராய்ந்தார். நம் தரங்கம்பாடியிலிருந்து ஜான் பாதிரியார் அவருக்கு மீன்கள் அனுப்பி வந்தார். 1795-ல் கறுப்பு வாவலுக்குப் பெயர் சூட்டிய ப்ளோக், அதை வெள்ளை வாவலின் இனத்திலேயே சேர்த்துவிட்டார். உருவம் அப்படி ஏமாற்றியது.

விலாசம் இல்லாத பார்சல்கள்

துடுப்பில் முள் உள்ள மீன்கள் பலவற்றையும் "பெர்சிபார்ம்ஸ்" என்ற ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். சுமார் 10,000 வகைகள்! விலாசம் தெரியாத பார்சல்களை ஒரே மூலையில் அடுக்கி வைப்போமே, அந்தக் கதைதான்.

2013-ம் ஆண்டையொட்டி வெளிவந்த மரபணு ஆராய்ச்சிகள் அந்த மூட்டையைப் பிரித்தன. வெள்ளை வாவலுக்குச் சொந்தம் சூரை, வஞ்சிரம், அயிலை. கறுப்பு வாவல் பாரைக் குடும்பம். சீலா, நாக்கு மீன், சுறாவில் தொற்றிச் செல்லும் ஒட்டுமீன் ஆகியவை அதற்குத் தூரத்துப் பங்காளிகள்.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது கடலிலும் பெரிய மீன்கள் பல மாண்டன. காலியான இடத்தில் முள்துடுப்பு மீன்கள் பெருகிக் கிளைவிட்டன. அவற்றில் இரு வேறு கிளைகளில் தட்டை உடம்பு தனித்தனியாக உருவானது.

கையால் அறியலாம்

கறுப்பு வாவலின் வால் காம்பைத் தடவினால், பாரைக்கு உள்ளது போன்ற சிறு தகடுகள் விரலில் தட்டுப்படும். வெள்ளை வாவலுக்கு அது கிடையாது.

இதனால் நமக்கு என்ன? மகாராஷ்டிர அரசு 2023-ல் வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தது. அது குறைந்து வருவதே காரணம். முட்டையிடும் முன்பே குஞ்சுகள் வலையில் சிக்குகின்றன. "கறுப்பு வாவல்தான் கிடைக்கிறதே" என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஒன்று அழிந்தால் மற்றது அதன் இடத்துக்கு வராது.

உள்ளங்கை அளவு வாவல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது. கேட்பவர் இல்லையென்றால் பிடிப்பவரும் யோசிப்பார்!